ஆயரின் மனச்சாட்சிக்கு யார் கணக்குப் பார்த்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமண்டலத் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) தேர்தல்களையொட்டித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆதித் திருச்சபையின் தலைவர்கள் மனச்சாட்சி ஒன்றையே நீதிபதியாக வைத்திருந்தார்கள், இன்றைய தலைவர்களும் அப்படி இருந்துவிட்டால் வழக்கு வாய்தா எல்லாம் குறைந்துவிடும் என்பது அதன் சாரம். நோக்கம் நல்லது. வரலாறுதான் அப்படி இல்லை. முதல் நான்கைந்து நூற்றாண்டுகளில் திருச்சபை பட்டுத் தெரிந்துகொண்டது இதற்கு நேர்மாறானது. பொறுப்பில் இருப்பவர் "என் மனச்சாட்சி சுத்தமாக இருக்கிறது" என்று சொன்னால் அங்கேதான் விசாரணை தொடங்க வேண்டும். பவுலே, தன்மேல் தனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை, ஆனாலும் அதனாலே தான் நீதிமானாகிவிடவில்லை என்று கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார் (1 கொரி. 4:4). மனச்சாட்சியைப் பற்றிய பிரசங்கங்களில் இந்த வசனம் எப்படியோ விடுபட்டுப்போகிறது.

கட்டுரையின் முதல் சான்று மிலான் நகர ஆயர் அம்புரோஸ். (ஆயர் என்று நான் எழுதுவது இன்று பேராயர் என்கிறோமே, அந்தப் பொறுப்பை.) 390இல் தெசலோனிக்காவில், மக்கள் கொண்டாடிய ஒரு தேரோட்டியைச் சிறையில் அடைத்ததற்காகப் படைத்தலைவன் புத்தெரிக்கைக் கலவரக்காரர்கள் கொன்றார்கள். பேரரசர் தெயொதோசியுஸின் படையினர் ஊர்மக்களை வெட்டிச் சாய்த்துப் பழிதீர்த்தார்கள். பேரரசரை அம்புரோஸ் கோயில் வாசலில் மறித்து நின்றார் என்று கட்டுரை உணர்ச்சியோடு வருணிக்கிறது. அந்தக் காட்சி அரை நூற்றாண்டுக்குப் பிறகு சோசொமேன், தெயொதொரேத் ஆகியோர் எழுதிய வரலாறுகளில்தான் அப்படி விரிகிறது. 7,000 பேர் இறந்தார்கள் என்ற எண்ணும் தெயொதொரேத் தந்ததே. அம்புரோஸ் பேரரசருக்கு எழுதிய கடிதம் இன்றும் கையில் இருக்கிறது. அதில் வாசலும் இல்லை, எண்ணும் இல்லை.

கடிதத்தில் இருப்பது வேறு. பேரரசர் மிலானுக்குத் திரும்பும் வேளையில், உடல்நலமில்லை என்று சொல்லி அம்புரோஸ் ஊரைவிட்டு விலகிப் போனார். பேரரசர் மட்டுமே படிக்க வேண்டும் என்பதற்காக எழுத்தரை வைத்துக்கொள்ளாமல் தம் கையாலேயே எழுதினார். நடந்ததை மழுப்பாமல் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். தாவீது அரசன் நாத்தான் தீர்க்கதரிசியின் கண்டனத்தை ஏற்றுத் தாழ்ந்துபோனதை நினைவூட்டினார். நீங்கள் வந்து நின்றால் நான் பலிபீடத்தில் காணிக்கை செலுத்தத் துணியமாட்டேன் என்றார். மிரட்டல் இல்லை, தம் அதிகாரத்துக்குள் தாம் எதைச் செய்யமாட்டோம் என்பதை மட்டும் சொன்னார். திரும்பி வருவதற்கான வழியையும் திறந்து வைத்தார். பேரரசர் அரச அணிகளைக் களைந்து, சபையின் நடுவே அழுது மன்னிப்புக் கேட்டார் என்று அம்புரோஸே பின்னாளில் பேரரசரின் நினைவு ஆராதனையில் சொல்கிறார். கடுந்தண்டனை விதிப்பதற்கும் நிறைவேற்றுவதற்கும் நடுவே 30 நாள் இடைவெளி வேண்டும் என்ற சட்டத்தையும் பழைய வரலாற்றாசிரியர்கள் இந்த நிகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்கிறார்கள். (சட்டத் தொகுப்பில் அதற்கு 382 என்ற ஆண்டே போடப்பட்டிருப்பதால், இதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.) வாசற்காட்சியைவிட இந்த 30 நாள் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆளுகிறவனின் கோபம் தணிய அவன் மனச்சாட்சியை நம்பாமல் நாள்காட்டியை நம்பிய சட்டம் அது.

கட்டுரை சொல்லாமல் விட்டது, இதே அம்புரோஸ் இரண்டே ஆண்டுகளுக்கு முன் செய்தது. 388இல் யூப்ரடீஸ் கரையில் இருந்த கல்லினிக்கும் என்ற ஊரில் (இன்றைய சிரியாவின் ரக்கா) உள்ளூர் ஆயரின் தூண்டுதலால் யூதர்களின் தொழுகைக் கூடம் எரிக்கப்பட்டது. அந்த ஆயர் தம் செலவில் அதைத் திரும்பக் கட்டித் தர வேண்டும், எரித்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும் என்று தெயொதோசியுஸ் ஆணையிட்டார். நியாயமான ஆணை. அம்புரோஸ் அதை எதிர்த்தார். எரித்தது நானே என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். பேரரசர் கோயிலில் இருக்கும்போதே அவரை முன்வைத்துப் பிரசங்கம் செய்தார், ஆணை கைவிடப்படும் என்ற வாக்குறுதி கிடைக்கும்வரை பலிபீடத்துக்குப் போகாமல் நின்றார். வாக்குறுதியும் கிடைத்தது, யூதர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. இரண்டு முறையும் அவர் மனச்சாட்சி ஒரே உறுதியோடுதான் பேசியது. ஒரு முறை கொலையுண்டவர்களுக்காக, மறுமுறை கொள்ளிவைத்தவர்களுக்காக. 388இல் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எதிர்த்தரப்பையும் அழைத்து விசாரிக்க ஒருவரும் இல்லை.

ஆகவே மனச்சாட்சிக்கு எடுத்துக்காட்டுத் தேடுகிறவர்கள், சட்டென்று கண்ணில் படும் மாமனிதர்களை விட்டுவிட்டு, சில்லறைத்தனமாகத் தோன்றும் நடைமுறைகளைப் பார்க்க வேண்டும். எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் திரட்டிய காணிக்கையை எடுத்துக்கொள்வோம். பணத்தைத் தாமே தனியாகக் கொண்டுபோக அவர் சம்மதிக்கவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஒரு சகோதரர் கூடவே வந்தார். எங்களை ஒருவரும் குறைசொல்லாதபடி, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கப் பார்க்கிறோம் என்பது அவர் தரும் காரணம் (2 கொரி. 8:19-21). முதல் இரண்டு நூற்றாண்டுகளின் ஒழுங்குநூலான திதாக்கே இன்னும் கறாரானது: ஊருக்கு வரும் அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. கிளம்பும்போது பணம் கேட்டாலும் அப்படியே. பிலிப்பி சபையில் வாலென்ஸ் என்ற மூப்பர் பண ஆசையில் விழுந்தபோது, அவரைப் பகைவராக எண்ணாமல் நோயுற்ற உறுப்பாக எண்ணித் திரும்ப அழையுங்கள் என்று சிமிர்னாவின் பொலிக்கார்ப் எழுதினார். ஆனால் பெயரை மறைக்கவில்லை. அது சபை முழுவதும் கேட்க வாசிக்கப்பட வேண்டிய கடிதம்.

250ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் நடந்ததை இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே மனச்சாட்சி தாளிலும் மையிலும் சோதிக்கப்பட்டது. பேரரசில் உள்ள எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று பேரரசர் தேசியுஸ் ஆணையிட்டார். ஊர்தோறும் ஒரு குழு. அதன் முன்னால் பானம் வார்த்து, பலியிட்டு, படைத்ததில் கொஞ்சம் உண்டு காட்டினால் சான்றிதழ் கிடைக்கும். எகிப்தில் இத்தகைய பாப்பிரஸ் தாள்கள் நாற்பதுக்கும் மேல் அகப்பட்டிருக்கின்றன. ஒன்றில் அவுரேலியுஸ் தியொகேனேஸ், தகப்பன் பெயர் சாதபூஸ், ஊர் அலெக்சாண்டர் தீவு, வயது 72, வலது புருவத்தில் தழும்பு என்று எழுதி, நான் எப்போதுமே தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போது உங்கள் முன்னிலையிலும் செய்தேன், சான்றளிக்க வேண்டுகிறேன் என்று முடித்திருக்கிறார். கீழே அதிகாரிகளின் கையொப்பம், தேதி. நம் தாலுகா அலுவலக மனுவைப் பார்ப்பது போலவே இருக்கும்.

கிறிஸ்தவர்கள் மூன்று விதமாக விழுந்தார்கள், அதாவது விசுவாசத்தில் தவறினார்கள். சிலர் பலியிட்டார்கள், சிலர் தூபம் மட்டும் போட்டார்கள், சிலர் பலியும் இடாமல் தூபமும் போடாமல் அதிகாரியிடம் பணம் கொடுத்துத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இந்த மூன்றாம் வகையினரின் வாதத்தைக் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன் ஒரு கடிதத்தில் அக்கறையோடு எடுத்து எழுதுகிறார்: பலியிடக் கூடாது என்று ஆயர் சொல்லித் தெரியும், அதனால்தான் அதிகாரியிடம் போய் நான் கிறிஸ்தவன், பீடத்தை நெருங்க மாட்டேன், அதற்காகவே பணம் கட்டுகிறேன் என்றேன், இதுவும் தவறு என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். சிப்ரியன் இவர்களைப் பலியிட்டவர்களோடு ஒரே தட்டில் வைக்கவில்லை. பலியிட்டவர்களிலும், பார்த்ததும் ஓடிப்போய்ப் படைத்தவனையும், நெடுநேரம் போராடித் தோற்றவனையும், மனைவி மக்களைக் காப்பாற்றத் தான் ஒருவனாகப் போய் நின்றவனையும் வேறு வேறாகப் பார்க்க வேண்டும் என்றார். 251இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் (ஆயர்களின் கூட்டம்) அப்படியே ஒவ்வொருவராக விசாரிக்க முடிவெடுத்தது. தாள் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் ஒறுத்தலில் (பாவத்துக்கு வருந்திச் செய்யும் தவத்தில்) நிலைத்திருந்தால் மரணத் தறுவாயில் சேர்க்கலாம். அடுத்த கலாபனை (கிறிஸ்தவர்கள்மீதான துன்புறுத்தல்) நெருங்கியபோது 42 ஆயர்கள் கூடி, ஒறுத்தலில் இருக்கும் எல்லாருக்கும் உடனே சமாதானம் கொடுக்கத் தீர்மானித்தார்கள். ஆனால் ஒன்றில் அசையவில்லை: விழுந்த ஆயரோ மூப்பரோ மனந்திரும்பினால் சாதாரண விசுவாசியாகத் திரும்பலாம், பொறுப்புக்குத் திரும்ப முடியாது. மன்னிப்பு வேறு, பதவி வேறு. இன்று நம் சபைத் தகராறுகளில் பாதி, "மன்னித்துவிட்டோமே, பிறகு ஏன் நாற்காலியில் உட்காரக்கூடாது" என்ற கேள்வியில்தான் நிற்கிறது.

சிப்ரியன்மீதே ஒரு குற்றச்சாட்டு இருந்தது. கலாபனை தொடங்கியதும் அவர் ஊரைவிட்டு மறைந்தார். ரோம் ஆயர் ஃபபியானுஸ் 250 ஜனவரியில் உயிர்விட்டிருந்தார். ஆயர் இல்லாத ரோம் குருக்கள், ஓநாயைக் கண்டு ஆடுகளை விட்டோடும் கூலியாளைப் பற்றிய வசனத்தைச் சாடையாகச் சேர்த்து ஒரு கடிதம் எழுதினார்கள். சிப்ரியன் முதலில் அந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பினார்: யார் யாருக்கு எழுதினார்கள் என்று தெளிவாக இல்லை, எழுத்தும் தாளும்கூட ஐயம் தருகின்றன, இது உங்களுடையதுதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். பிறகு தாம் ஏன் விலகினோம் என்று விளக்கியதோடு, ஒளிந்திருந்த காலத்தில் குருக்களுக்கும் சிறையிலிருந்தோருக்கும் சபையாருக்கும் எழுதிய 13 கடிதங்களின் நகல்களையும் சேர்த்து அனுப்பினார். உடலால் அங்கே இல்லாவிட்டாலும் என்ன செய்தேன் என்று இவற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்பது பொருள். மனம் அறியும் என்று அவர் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை; கோப்பை எடுத்து வைத்தார். அவர் ஓடியது சரியா என்பது இன்றும் வாதத்துக்குரியது. 258இல் அடுத்த கலாபனையில் அவர் விலகவில்லை, செப்டம்பர் 14இல் தலை வெட்டப்பட்டார்.

விசுவாசத்துக்காகச் சிறையில் வதைபட்ட சாட்சிகளுக்கு, விழுந்தவர்களுக்காகப் பரிந்துரைக்கும் உரிமை இருந்தது. நல்ல மரபு, ஆனால் சீக்கிரம் கெட்டது. "இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சீட்டுகள் வரத் தொடங்கின. அவரைச் சேர்ந்தவர்கள் என்றால் இருபதா, முப்பதா? உறவினர், விடுவிக்கப்பட்ட அடிமைகள், வீட்டுவேலைக்காரர் எல்லாருமா? லூசியான் என்பவர், இறந்துபோன ஒரு சாட்சியின் பெயரால் கேட்டவர்க்கெல்லாம் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சிப்ரியன் கேட்டது எளிய திருத்தம்: நீங்கள் நேரில் கண்ட, அறிந்த, ஒறுத்தல் ஏறக்குறைய நிறைவேறிய ஆளின் பெயரை எழுதுங்கள். சாட்சிகளுடைய தியாகம் உண்மை, அவர்கள் மனச்சாட்சியும் உண்மை, சீட்டு மட்டும் தவறு. பெயர் எழுதாத பரிந்துரையில் யாருக்கும் பொறுப்பில்லை.

இரண்டு துணை டீக்கன்களும் ஓர் உதவியாளரும் கலாபனையின்போது ஓடிப்போய், நடுவில் திரும்பிவந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்று குருக்கள் கேட்டபோது சிப்ரியன் தந்த பதில், இன்றைய அலுவலக விதிகளை எழுதுகிறவர்களும் படிக்கத்தக்கது. நான் ஒருவனே இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது, பல குருக்கள் இன்னும் வெளியூரில் இருக்கிறார்கள், சபையார் முன்னிலையில் எல்லாரும் கூடி விசாரிக்க வேண்டும். அதுவரை மாதப் பங்கீட்டில் அவர்களுக்குப் பங்கு வேண்டாம். ஆனால் பதவி போய்விட்டது என்று பொருளில்லை. தாம் ஆயரான நாள்முதல் குருக்களின் ஆலோசனையும் சபையாரின் சம்மதமும் இல்லாமல் தம் சொந்தக் கருத்தில் எதையும் செய்வதில்லை என்று முடிவுசெய்திருந்ததாக இன்னொரு கடிதத்தில் எழுதுகிறார். பக்கத்து மாகாணமான நுமிதியாவில் கொள்ளையர் பிடித்துப்போனவர்களை மீட்க 1,00,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) திரட்டி அனுப்பியபோது, கொடுத்தவர்களின் பெயர்களையும் சேர்த்து அனுப்பினார். அப்போது ஊரில் இருந்த வெளியூர் ஆயர்கள் தந்த தொகைகளைத் தனித்தனியே குறித்திருந்தார்.

சபையாரின் பொறுப்பைப் பற்றி அவர் எழுதியது இன்னும் கடுமை. ஸ்பெயினில் பசிலிதேஸ், மார்சியாலிஸ் என்ற இரண்டு ஆயர்கள் அந்தச் சான்றிதழை வாங்கியிருந்தார்கள். மார்சியாலிஸ் தம் பிள்ளைகளைப் பிற சமயத்தாரின் அடக்கச் சங்கம் ஒன்றின் வழியாக அவர்களுடைய கல்லறைகளில் புதைத்திருந்தார். பசிலிதேஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தாமே பதவியைவிட்டு இறங்கி, சாதாரண விசுவாசியாக இருக்க இடம் கொடுத்தால் போதும் என்றார். இதுவரை நல்ல மனச்சாட்சி. பிறகு ரோமுக்குப் போய், தூரத்தில் இருந்ததால் உண்மை தெரியாத ஆயர் ஸ்தேவானிடம் நடந்ததை மறைத்துச் சொல்லி, பதவியைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்துகொண்டார். கார்த்தேஜில் கூடிய 37 ஆயர்கள், மக்கள் தேர்ந்தெடுத்த புதிய ஆயர்களே நீடிக்கட்டும் என்று எழுதினார்கள். தகுதியுள்ளவரைத் தேர்ந்தெடுக்கவும் தகுதியில்லாதவரை மறுக்கவும் முதன்மையான உரிமை மக்களுக்கு இருக்கிறது. ஆகவே, குற்றவாளியான ஆயரோடு ஒத்துப்போய்விட்டு நமக்கென்ன என்று சபையார் தப்பித்துக்கொள்ள முடியாது. பக்கத்து ஊர் ஆயர்கள் கூடிவந்து, அந்த ஆளின் வாழ்க்கையை அறிந்த மக்களின் கண்முன்னே தேர்தல் நடக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். அசூராஸ் ஊரில் பலியிட்டுவிட்டுப் பழைய இடத்துக்கு வர முயன்ற ஆயரைப் பற்றி, இப்படிப்பட்டவர்கள் விரும்புவது சமயத்தை அல்ல, படியையும் காணிக்கையையும் வருமானத்தையும்தான் என்று சிப்ரியன் பட்டென்று சொல்லிவிடுகிறார்.

இத்தனை விதிகள் இருந்தும் எங்கே உடைந்தது என்று பார்க்க, அரை நூற்றாண்டு கழித்து அதே வட ஆப்பிரிக்காவில் சிர்த்தா நகருக்குப் போக வேண்டும் (இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன்). வேதப் புத்தகங்களை ஒப்படைக்க வேண்டும் என்ற பேரரசின் ஆணைப்படி 303 மே 19 அன்று நகர அதிகாரி முனாசியுஸ் ஃபெலிக்ஸ் சபை கூடும் வீட்டைச் சோதனையிட்டார். அந்தப் பதிவு வரி விடாமல் கிடைத்திருக்கிறது. பொன் கிண்ணங்கள் 2, வெள்ளிக் கிண்ணங்கள் 6, வெள்ளிக் குடங்கள் 6, வெள்ளி விளக்குகள் 7, சங்கிலியோடு கூடிய வெண்கல விளக்குகள் 11, பெண்களின் அங்கிகள் 82, ஆண்களின் அங்கிகள் 16, முக்காட்டுத் துணிகள் 38, ஆண்களின் செருப்பு 13 ஜோடி, பெண்களின் செருப்பு 47 ஜோடி. ஏழைகளுக்கு, அதிலும் பெண்களுக்கு, அந்தச் சபை எவ்வளவு செய்துகொண்டிருந்தது என்பதற்கு இந்தச் செருப்புக் கணக்கைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது. பவுல் என்ற அந்த ஊர் ஆயர் அங்கேயே உட்கார்ந்திருந்தார், எதையும் தடுக்கவில்லை. வேதப் புத்தகங்கள், ஆராதனையில் அவற்றை வாசிக்கும் பொறுப்பாளர்களிடம் இருக்கின்றன என்றார். துணை டீக்கன்கள் இருவர் மட்டும், நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்ல, வேண்டுமானால் எங்களைக் கொல்லச் சொல்லுங்கள் என்றார்கள். சில்வானுஸ் என்ற இன்னொரு துணை டீக்கன், ஒரு ஜாடிக்குப் பின்னால் கிடந்தது என்று வெள்ளிப் பெட்டியொன்றையும் வெள்ளி விளக்கையும் எடுத்துவந்து கொடுத்தார். நீ இதைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் செத்திருப்பாய் என்றார் கூட இருந்த ஓர் அலுவலர்.

கலாபனை ஓய்ந்ததும் சிர்த்தாவுக்குப் புதிய ஆயரைத் தேர்ந்தெடுக்க ஆயர்கள் கூடினார்கள். தலைமை தாங்கிய செக்குந்துஸ், வந்திருந்தவர்களையே ஒவ்வொருவராக, நீ புத்தகத்தைக் கொடுத்தாயா என்று கேட்டார். ஒருவர் பின் ஒருவராக ஒப்புக்கொண்டார்கள். லிமாத்தாவின் புர்புரியுஸிடம், நீ உன் சகோதரியின் இரண்டு பிள்ளைகளைக் கொன்றாயாமே என்றார். கொன்றேன், எனக்கு எதிராக வருகிறவர்களையும் கொல்வேன், என்னை மிரட்டாதே; உன்னைப் பிடித்தபோது நீ எப்படி வெளியே வந்தாய் என்று பதில் வந்தது. கேட்டவருக்கே பதில் சொல்ல வேண்டிய நிலை. எல்லாரையும் கடவுளின் தீர்ப்புக்கு விட்டுவிடுவோம் என்று செக்குந்துஸ் சொல்லி, உட்காருங்கள் என்றார். எல்லாரும் "கடவுளுக்கு நன்றி" என்றார்கள். பிறகு, காட்டிக்கொடுத்த சில்வானுஸே ஆயரானார். எங்களுக்கு வேறு ஆள் வேண்டும், இவன் காட்டிக்கொடுத்தவன் என்று ஊர்மக்கள் கத்தியிருக்கிறார்கள். அவர்களை ஓர் இடத்தில் அடைத்துவைத்துவிட்டு, களரியில் சண்டைபோடுகிறவர்களின் ஆதரவோடு தேர்தல் நடந்தது. முதுஸ் என்ற அப்படிப்பட்ட ஒருவன் சில்வானுஸைத் தோளில் தூக்கிப்போனதாகச் சாட்சி சொல்கிறது.

இதெல்லாம் வெளியே வந்தது 320இல், நுமிதியாவின் ஆளுநர் செனோஃபிலுஸ் நடத்திய விசாரணையில். சில்வானுஸோடு பகைத்துக்கொண்ட டீக்கன் நுந்தினாரியுஸ் ஆவணங்களைக் கொண்டுவந்து போட்டார். அவரும் அதுவரை எல்லாம் தெரிந்து பேசாமல் இருந்தவர்தான்; சண்டை வந்த பிறகுதான் மனச்சாட்சி விழித்தது. விக்தோர் என்ற சலவைத் தொழிலாளி மூப்பராவதற்கு 20 மூட்டை நாணயம் கொடுத்தது தெரிந்தது. கார்த்தேஜில் எதிர் ஆயர் மயோரினுஸைத் தேர்ந்தெடுத்தபோது, லூசில்லா என்ற பணக்காரப் பெண்மணி ஏழைகளுக்கு என்று கொடுத்த 400 மூட்டையிலிருந்து ஏழைகளுக்கு ஒன்றும் போகவில்லை, ஆயர்களே பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதும் தெரிந்தது. செராப்பிஸ் கோயிலில் இருந்த அரசுப் பீப்பாய்களைப் புர்புரியுஸும், காடியைச் சில்வானுஸும் எடுத்துக்கொண்டது வேறு. (காடியைக்கூட விடவில்லை.) வேடிக்கை என்னவென்றால், விவகாரம் வெளியே வருமுன் குருக்களையும் சபை மூப்பர்களையும் கூட்டி நன்றாக விசாரியுங்கள் என்று கடிதம் எழுதியவர் அதே புர்புரியுஸ். நடைமுறை என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சிர்த்தாவில் என்ன தவறியது? விசாரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் ஒருவர் குற்றத்தை ஒருவர் அறிந்தவர்கள். ஆகவே ஒருவரும் விசாரிக்க முடியவில்லை. ஆளை அறிந்த மக்கள் வெளியே பூட்டப்பட்டார்கள். ஏழைகளின் பணத்துக்குக் கணக்கு வைக்க ஆயர்களைத் தவிர ஒருவரும் இல்லை. கடவுளுக்கு விட்டுவிடுவோம் என்ற பக்தியான வாக்கியம் இந்த மூன்றுக்கும் மூடியானது. அதைவிட மோசம், தாங்களே காட்டிக்கொடுத்திருந்த இந்தக் கூட்டத்தார் சிலர்தான் அடுத்த சில ஆண்டுகளில் கார்த்தேஜ் போய், அங்கே ஆயரான செசிலியானுஸுக்கு அபிஷேகம் செய்தவர் புத்தகத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்று சொல்லிச் சபையைப் பிளந்தார்கள். அந்தக் குற்றச்சாட்டு பொய் என்று பிறகு அரசு விசாரணையில் தெரிந்தது, பிளவு மட்டும் ஆறவில்லை.

மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாவின் ஒழுங்குநூலான திதஸ்காலியா இந்த ஓட்டைகளை முன்பே பார்த்திருந்தது. வழக்குகளைத் திங்கட்கிழமை கேளுங்கள் என்கிறது, தீர்ப்பை ஏற்காதவர் இருந்தால் சனிக்கிழமைவரை பேசித் தீர்க்க நாள் இருக்கும், ஞாயிறு ஆராதனைக்குச் சமாதானமாக வரலாம். மூப்பர்களும் டீக்கன்களும் கூட இருக்க வேண்டும். இரு தரப்பும் ஒன்றாக எதிரே நிற்க வேண்டும், ஒருவர் இல்லாதபோது மற்றவரைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. குற்றம் சாட்டுகிறவரின் வாழ்க்கை எப்படி, இதற்கு முன் எத்தனை பேர்மீது குற்றம் சாட்டியிருக்கிறார் என்றும் பார்க்கச் சொல்கிறது. காணிக்கை யாரிடம் வாங்கக்கூடாது என்பதற்கும் ஒரு நீண்ட பட்டியல்: ஏழைகளை ஒடுக்குகிறவர், கள்ள நிறை வைக்கிறவர், மதுவில் தண்ணீர் கலக்கும் விடுதிக்காரர், லஞ்சம் வாங்கும் நீதிபதி, வட்டிக்காரர். கட்டாயத்தால் அப்படிப்பட்ட காசு கையில் வந்துவிட்டால் அதில் சோறு வாங்காதே, விறகு வாங்கிக்கொள் என்கிறது. நம் ஊரில் கோயில் கோபுரத்துக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப்பலகையை இந்தப் பட்டியலோடு வைத்துப் பார்க்க எத்தனை கமிட்டிகள் சம்மதிக்கும் என்று தெரியவில்லை.

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சங்கங்களின் விதிகள் இதே அனுபவத்தின் வண்டல். 325இல் நைசியா சங்கம் ஒரு மாகாணத்தின் ஆயர்கள் ஆண்டுக்கு இருமுறை, தவக்காலத்துக்கு முன்னும் இலையுதிர் காலத்திலும், கூட வேண்டும் என்றது. கூடி என்ன செய்ய வேண்டும்? எந்த ஆயராவது அற்பத்தனத்தாலோ சண்டையாலோ வெறுப்பாலோ ஒருவரைச் சபைநீக்கம் செய்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஆயருக்கும் அற்பத்தனம் வரும் என்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்ட விதி இது. குருக்கள் வட்டிக்கு விடக்கூடாது என்று இன்னொன்று. அதில் மாதம் நூற்றுக்கு ஒன்று, அதாவது நாம் "ஒரு வட்டி" என்கிற அதே விகிதம், பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தியோக்கியாவில் எழுந்த விதிகள் கணக்கின் மையத்துக்கே வருகின்றன. சபையின் சொத்து எது, ஆயரின் சொந்தச் சொத்து எது என்று மூப்பர்களுக்கும் டீக்கன்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்; ஆயர் இறந்தால் சபையும் நஷ்டப்படக்கூடாது, அவர் உறவினரும் வீண்பழி சுமக்கக்கூடாது. மூப்பர்களுக்குத் தெரியாமல் வருமானத்தைத் தம் வீட்டார், சகோதரர், மகன்கள் கையில் ஒப்படைக்கும் ஆயர் மாகாணச் சங்கத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பே மகன்களைக் குறிப்பிட வேண்டியிருந்திருக்கிறது.

ஆகவே திருமண்டலத் தேர்தலில் நிற்கும் ஒருவரிடம் கட்டுரையாளர் மனச்சாட்சியைக் கேட்கட்டும், சபையார் இன்னும் சிலவற்றைக் கேட்கலாம். கடைசியாகத் தணிக்கை செய்த கணக்கு எந்த ஆண்டுடையது, அதைச் சேகரங்களில் வாசித்தார்களா? பள்ளி, கல்லூரி நியமனங்களில் உறவினர் எத்தனை பேர், அந்தக் கூட்டத்தில் யார் எழுந்து வெளியே போனார்கள்? ஒரு குருவானவரை இடைநீக்கம் செய்தால் விசாரணைக்கு நாள் குறிக்கிறார்களா, இரு தரப்பையும் ஒரே அறையில் கேட்கிறார்களா? விசாரிக்கும் குழுவில் அவரால் பதவி பெற்றவர்கள் எத்தனை பேர்? நிலம் விற்றால் முடிவெடுத்தவர்களின் பெயர் குறிப்பேட்டில் இருக்கிறதா, அல்லது "கமிட்டி தீர்மானித்தது" என்று மட்டும் இருக்கிறதா? கடைசிக் கேள்வியில் சிப்ரியன் சீட்டுகளைப் பார்த்துக் கேட்டதே இருக்கிறது.

விதி எழுதிவிட்டால் தீர்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. 451இல் கல்சேதோன் சங்கம், பணம் வாங்கி அபிஷேகம் செய்யும் ஆயரின் பதவியைப் பறிக்கச் சொன்னது, நடுவில் நின்று பேரம் முடித்தவரையும் சேர்த்து. சில சபைகளில் ஆயர்கள் பொருளாளர் இல்லாமலே சொத்தை நிர்வகிப்பதாகக் கேள்விப்படுகிறோம் என்று சொல்லி, சாட்சியில்லாமல் நிர்வாகம் நடக்கக்கூடாது, ஒவ்வொரு சபையிலும் அதன் குருக்களிலிருந்தே ஒரு பொருளாளர் வேண்டும் என்றும் 26ஆம் விதியை எழுதியது. ஆனால் அந்தப் பொருளாளர் ஆயரின் விருப்பப்படியே சொத்தை நிர்வகிக்க வேண்டும் என்று அதே விதியில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. ஆயர் பொருளாளரை வைக்கவே இல்லையென்றால் அவருக்குப் பதில் வேறு யார் வைப்பது என்பதும் அதில் இல்லை. இரண்டாம் ஓட்டையை அடைத்தது 787இல் கூடிய இரண்டாம் நைசியா சங்கம்தான்: ஆயர் வைக்காவிட்டால் தலைமை ஆயர் வைக்கலாம், தலைமை ஆயரே தம் சபையில் வைக்காவிட்டால் கான்ஸ்டான்டினோப்பிளின் ஆயர் வைக்கலாம். இடையில் 336 ஆண்டுகள் ஓடியிருந்தன.

இப்படிக்கு,
திருச்சபை வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.